ஷானவாஸ் கட்டிக்கொடுத்த இன்வெர்ட்டர்

கம்பத்தில் கம்பம்மெட்டு ரோடு பிரிகிற இடத்துக்குப் பக்கத்தில் ஷானவாஸ் கடை எது என்று கேட்டால் எல்லாரும் கை காட்டுவார்கள். மோட்டார் காயில் கட்டுகிற கடை. திராட்சைத் தோட்டத்துக் கிணற்று மோட்டார் எரிந்துபோனால், கோம்பைக்காரரானாலும் கூடலூர்க்காரரானாலும் டிராக்டரில் தூக்கிப் போட்டுக்கொண்டு அங்கேதான் வருவார்கள். கருகின கம்பியை வெட்டி எடுத்துவிட்டுப் புதுக் கம்பியை எண்ணி எண்ணிச் சுற்றி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்துக் கொடுப்பான். நடுவில் எண்ணிக்கை தவறிவிட்டால் முழுவதையும் பிரித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து சுற்றுகிற ஆள். அவசரமென்றால் வேறு கடைக்குப் போங்கள் என்று மூஞ்சிக்கு நேரே சொல்லிவிடுவான். சொன்ன பிறகும் யாரும் போவதில்லை.

படிப்பு? அதைக் கேட்காதீர்கள். பத்தாவதில் கணக்கில் கோட்டை விட்டவன். இரண்டாம் தடவை எழுதப் போன அன்றைக்கும் பாதியில் எழுந்து வந்துவிட்டான். அப்படிப்பட்டவனுக்கு வாய்த்த பெண்டாட்டி நிலோபர், எம்.எஸ்ஸி. முடித்து, எம்.ஃபில். முடித்து, உத்தமபாளையத்தில் ஒரு தனியார் கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறவள். அத்தை மகள், முறைப்பெண். 2005-இல் நிக்காஹ் நடந்தபோது ஊர் வாய் சும்மா இருக்குமா? படித்த பிள்ளையைக் கொண்டுபோய் கிரீஸ் கைக்காரனிடம் கொடுத்துவிட்டார்களே என்று பந்தியிலேயே பேசினார்கள். நிலோபர் அவனிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: கல்யாணத்துக்கு அப்புறம் பிஎச்.டி. படிக்கலாமா? படியேன், வேண்டாமென்று சொல்ல நான் யார் என்றான் அவன். அந்தப் பதிலுக்காகவே அவனைக் கட்டிக்கொண்டதாக அவள் பின்னால் பல தடவை சொன்னாள்.

பதிவு செய்தது 2006-இல். மதுரையில் பேராசிரியர் பொன்னுராஜ் வழிகாட்டி. வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறவர்களுக்கு உரிய கெடு, 2009 டிசம்பர். அதற்குள் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும்.

என்ன ஆராய்ச்சி என்று ஷானவாஸ் ஆரம்பத்தில் கேட்கவில்லை. கேட்டால் தன் அறியாமை தெரிந்துவிடுமே என்று ஒரு கூச்சம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளே கடைக்கு வந்து, பழைய ஸ்பீக்கர் காந்தத்தில் பேரிங் குண்டுகளை ஒன்றன் கீழ் ஒன்றாகத் தொங்கவிட்டுக் காட்டினாள். இந்த மாதிரி குண்டுகள்தான், ஆனால் முடியின் அகலத்துக்குள் ஆயிரக்கணக்கில் அடங்குகிற அளவுக்குச் சின்னது. ஒவ்வொன்றும் தானே ஒரு காந்தம். அவற்றைப் பிரியாதபடி கோத்துவிட்டால் பாலிமர் மாதிரி நெளிகிற சங்கிலி ஆகும். சூட்டில் அது எப்படி நெளியும், எப்போது தலையும் வாலும் ஒட்டி வளையமாகும் என்பதுதான் அவள் பார்ப்பது. பின்னாளில் உடம்புக்குள் மருந்தைச் சுமந்துபோக இப்படிப்பட்ட சங்கிலிகள் உதவலாம் என்கிறார்கள்.

இந்தச் சங்கிலி எங்கே இருக்கிறது என்று கேட்டான். கம்ப்யூட்டருக்குள் கணக்காக இருக்கிறது என்றாள். நிஜச் சங்கிலியைச் செய்து பார்க்கிற வசதி நம் பக்கத்துக் கல்லூரிகளில் எங்கே? அதனால் ஒவ்வொரு குண்டின் மீதும் என்னென்ன விசை விழுகிறது என்று எழுதிக்கொடுத்துவிட்டால், கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுப் போட்டு அதை நகர்த்தும். கோடிக்கணக்கான தடவை நகர்த்த வேண்டும். அதற்கு வாரக்கணக்கில் ஓட வேண்டும்.

ஓடுவதற்குத்தான் கரண்ட் வேண்டுமே! 2008-இல் மின்வெட்டு தொடங்கியது. ஞாயிறு தவிர தினமும் மத்தியானம் இரண்டு மணி நேரம் சொல்லிவிட்டு நிறுத்துவார்கள். அது போகச் சொல்லாமல் நிறுத்துவது அவர்கள் இஷ்டம். வோல்டேஜ் ஏறி இறங்கியதில் ஊர் மோட்டாரெல்லாம் எரிந்து ஷானவாஸின் கடை வாசலில் வந்து குவிந்தது. அவனுக்கு மூச்சுவிட நேரமில்லை. வீட்டிலோ நிலோபரின் கம்ப்யூட்டர் முதல் நாள் ஓடினதை மறுநாள் மத்தியானம் அணைந்து தொலைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்கும். எனக்குச் சோறு போடுகிற எழவுதான் என் பெண்டாட்டியை அழவைக்கிறது என்று அவன் மனசுக்குள் குமைந்தான்.

நிலோபர் லேசுப்பட்டவளா? ஒரு வழி கண்டுபிடித்தாள். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை குண்டுகளெல்லாம் எங்கெங்கே நிற்கின்றன என்று கம்ப்யூட்டரே எழுதிவைத்துக்கொள்ளும். கரண்ட் போய் வந்தால் தானாக எழுந்து, விட்ட இடத்திலிருந்து தொடரும். வீட்டில் ஆள் இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. மாமியார் அம்சத் பீவிதான் புலம்புவார்: மத்தியானம் கண் அசரும் நேரத்தில் அந்தப் பெட்டி அடுத்த அறையில் திடீரென்று உயிர் வந்து உறுமுகிறதாம், ஈரக்குலை நடுங்குகிறதாம்.

அந்த டிசம்பரில் வளையம் வந்தது. நாலு சங்கிலிகளைத் தனித்தனியாக, வேறு வேறு வடிவத்தில் தொடங்கி ஓட்டியிருந்தாள். மற்றவர்கள் இவ்வளவு சூட்டில் வளையமே ஆகாது என்று எழுதியிருந்த சூட்டில் நாலும் ஒன்று போல வளைந்து மூடிக்கொண்டன. அவள் ஷானவாஸைக் கடையிலிருந்து கூட்டிவந்து திரையில் காட்டினாள். பச்சைப் புள்ளிகளால் ஆன ஒரு வட்டம். இதை இதுவரைக்கும் யாரும் பார்த்ததில்லை மச்சான் என்றாள். அவனுக்கு அது வளையல் போலத்தான் தெரிந்தது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றான், கண் நிறைந்துவிட்டது. பொன்னுராஜ் சார் அதைக் கட்டுரையாக எழுதி வெளிநாட்டுப் பத்திரிகைக்கு அனுப்பினார். ஆய்வேட்டின் உயிரே அந்த வளையம் என்று ஆயிற்று.

ஏப்ரலில் பத்திரிகையிலிருந்து பதில் வந்தது. நல்ல முடிவு, போடுகிறோம், அதே கணக்கைப் புதிதாக இன்னொரு தடவை ஓட்டி உறுதி செய்துவிடுங்கள் என்றார்களாம். இந்தத் தடவை என் பெண்டாட்டி நிம்மதியாக ஓட்டட்டும் என்று ஷானவாஸ் முடிவு செய்தான். கடை வேலையையெல்லாம் ஓரங்கட்டிவிட்டுப் பதினோரு நாள் உட்கார்ந்து, ஒரு இன்வெர்ட்டரைத் தானே செய்தான். கடையில் விற்கிறதை வாங்கிவரலாம்தான். ஆனால் அதற்குள் இருக்கிற டிரான்ஸ்ஃபார்மர் காயிலைத் தன் கையால் சுற்ற வேண்டும் என்று ஆசை. புது பேட்டரி வாங்கி, கம்ப்யூட்டர் மேஜைக்குப் பின்னால் தனியாக ஒரு பிளக் வைத்துக் கொடுத்தான். மே மாதம் முழுக்க அந்தக் கம்ப்யூட்டர் ஒரு தடவைகூட அணையவில்லை.

வளையமும் வரவில்லை.

நாலு சங்கிலியும் புழு மாதிரி நெளிந்துகொண்டே இருந்தன. தலை வாலைத் தொடும், அடுத்த கணம் விலகிவிடும். கோடை விடுமுறையில் வீட்டில் இருந்த நிலோபர் புரோகிராமை வரி வரியாகப் பார்த்தாள். ஒரு எழுத்தும் மாறவில்லை. சோறு இறங்கவில்லை. கெடு ஏழு மாதத்தில் நிற்கிறது. பொன்னுராஜ் சார் வாரம் இரண்டு தடவை போன் செய்கிறார். ஒரு மாலை அவள் அடுப்படியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுவதை ஷானவாஸ் பார்த்துவிட்டான். என்னவென்று கேட்டதற்கு, போன தடவை வந்தது இந்தத் தடவை வரவில்லை, ஏனென்று தெரியவில்லை என்று மட்டும் சொன்னாள்.

ஷானவாஸின் பார்வை கம்ப்யூட்டர் மேஜைப் பக்கம் போனது. போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் என்ன வித்தியாசம்? அவன் செய்த இன்வெர்ட்டர்தானே! அவனுக்குத் தொழில் தெரியும். இந்த மாதிரி இன்வெர்ட்டர் கரண்ட் சுத்தமாக இருக்காது. அதில் மின்விசிறி உறுமும், மோட்டார் சூடேறும். கம்ப்யூட்டருக்கும் ஏதோ ஆகியிருக்க வேண்டும் என்று நினைத்தான். பாசத்தில் செய்கிறேன் பேர்வழி என்று அவள் மூன்று வருஷ உழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டேனே! அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. ஜூனில் கல்லூரி திறந்தது. அவள் புதிதாக ஒரு தடவை ஓடவிட்டு வேலைக்குப் போனதும், ஒரு வெள்ளிக்கிழமை தொழுகை முடித்து வீட்டுக்குச் சாப்பிட வந்தவன், மேஜைக்குப் பின்னால் குனிந்து பிளக்கைப் பிடுங்கி சுவரில் இருக்கிற பழைய இணைப்பிலேயே மாட்டிவிட்டான். மாட்டும்போது அம்சத் பீவி பார்த்தார். என்னடா செய்கிறாய் என்றதற்கு ஒன்றுமில்லைம்மா என்றான்.

ஒன்பது நாள் போயிற்று. ஞாயிறு தவிர தினமும் மத்தியானம் கரண்ட் போனது, வந்தது. பெட்டி அணைந்தது, தானாக எழுந்தது. நிலோபர் வருவதற்குள் அது சாதுவாக ஓடிக்கொண்டிருக்கும். இன்வெர்ட்டர்தான் இருக்கிறதே என்று அவளும் எதையும் சந்தேகப்படவில்லை.

பத்தாம் நாள் ஞாயிறு. காலையிலேயே பாயச வாசனை. நிலோபர் டம்ளரோடு வந்தாள், முகமெல்லாம் சிரிப்பு. வளையம் திரும்ப வந்துவிட்டது, நாலும் மூடிக்கொண்டன, சாருக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டேன் என்றாள். அதோடு விட்டிருந்தால் ஷானவாஸ் பேசாமலேயே இருந்திருப்பான், பாயசத்தைக் குடித்துவிட்டுக் கடைக்குப் போயிருப்பான். ஆனால் அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். எல்லாம் நீங்கள் கட்டிக்கொடுத்த இன்வெர்ட்டரால்தான், அது இல்லாவிட்டால் இந்தத் தடவை முடித்திருக்கவே மாட்டேன், ஆய்வேட்டில் உங்கள் பெயரைப் போட்டு நன்றி எழுதப் போகிறேன் என்றாள்.

அவன் டம்ளரைக் கீழே வைத்தான். பேசாமல் இருந்துவிடலாம். பெண்டாட்டி சந்தோஷமாக இருக்கிறாள், புத்தகத்தில் பெயர் வரப்போகிறது.

"அது என் இன்வெர்ட்டர்ல ஓடல நிலோ" என்றான். "ஒம்பது நாளா சொவத்துக் கரண்டுலதான் ஓடுது. நான்தான் மாத்தி மாட்டுனேன். என் சாமான் ஒன் கம்ப்யூட்டரக் கெடுத்துருச்சோன்னு பயந்து போயி செஞ்சேன். சொல்லலன்னு கோவிச்சுக்காத."

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. சிரிப்பு மட்டும் மெதுவாக இறங்கியது. கரண்ட் தினமும் போய்ப் போய் வந்ததா என்று கேட்டாள். வந்தது என்றான். அவள் எழுந்து கம்ப்யூட்டருக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். மத்தியானம் வரைக்கும் எழவில்லை. பாயசம் டம்ளரில் ஏடு படிந்துவிட்டது.

கடைசியில் அவளே கூப்பிட்டுத் திரையில் ஒரு வரியைக் காட்டினாள். அதில் 786 என்று இருந்தது. ஷானவாஸுக்கு அந்த எண் தெரியாதா? கடைப் பலகையின் உச்சியில் அதுதான். அவள் சிறு வயதிலிருந்து எந்த நோட்டைத் திறந்தாலும் முதல் பக்கத்தில் எழுதுவது அதுதான். எந்தக் காரியத்தையும் அதில் தொடங்குவது அவர்கள் வீட்டுப் பழக்கம்.

"சூட்டுல அந்தக் குண்டுகளக் கண்டபடி தள்ளணும் மச்சான். எந்தப் பக்கம் தள்ளுறதுன்னு கம்ப்யூட்டர் ஒரு எண்ணுல ஆரம்பிச்சு வரிசையா எடுத்துக்கிரும். நான் பிஸ்மில்லான்னு 786-ஐக் குடுத்தேன். எண்ணு மேல தப்பில்ல, தப்பு என்னோடது. கரண்ட் போயி வந்தா, குண்டு நின்ன எடத்தை ஞாபகம் வெச்சிருக்கு. தள்ளுற வரிசையில எங்கன விட்டோம்கிறத நான் எழுதி வைக்கச் சொல்லல. அது ஒவ்வொரு தடவையும் மறுபடி 786-லயே ஆரம்பிச்சிருக்கு. தெனமும் அதே தள்ளு, அதே வரிசை, நாலு சங்கிலிக்கும்."

தினமும் ஒரே இடத்தில் ஒரே மாதிரி தட்டிக்கொண்டே இருந்தால் தகரம்கூட வளைந்துவிடும், ஷானவாஸுக்கு அது புரிந்தது. அப்படியானால் அந்த வளையம் பொய்யா என்று கேட்டான். ஆமாம் என்று தலையாட்டினாள். கரண்ட் ஒழுங்காக இருக்கிற ஊரில் ஓட்டியிருந்தால் அது வந்தே இருக்காது.

அவள் உதடு துடிப்பதைப் பார்த்ததும் அவனுக்குப் பொறுக்கவில்லை. பெண்டாட்டி மீது இருக்கிற பாசம் மனிதனை என்னவெல்லாம் பேசவைக்கிறது! இது யாருக்கும் தெரியாதே, பத்திரிகைக்காரன் கேட்டபடி இரண்டாம் தடவையும் வந்துவிட்டது, சாரும் சந்தோஷமாக இருக்கிறார், கெடுவும் நெருங்குகிறது, இன்வெர்ட்டரைக் கழற்றிக் கடையில் போட்டுவிடுகிறேன், இப்படியே கொடுத்துவிடு என்றான்.

"எனக்குத் தெரியுமே மச்சான்" என்றாள் நிலோபர்.

மறு சனிக்கிழமை இருவரும் மதுரை பஸ் ஏறினார்கள். ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டியதும், சார் என் பதிவை ரத்துச் செய்யச் சொன்னாலும் சொல்லலாம் என்றாள். அவன் அவள் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டான். பல்கலைக்கழகத்தில் அவள் மட்டும் உள்ளே போனாள். ஷானவாஸ் வெளியே வேப்பமரத்தடியில் நின்றான். ஜன்னல் வழியாகப் பேராசிரியர் நாற்காலியிலிருந்து எழுந்து நடப்பது தெரிந்தது. உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். ஒரு மணி நேரம் ஆயிற்று. அந்த ஒரு மணி நேரத்தில் ஷானவாஸ் ஓதாத துஆ இல்லை.

அவள் கண் சிவந்து வெளியே வந்தாள். கட்டுரையைத் திரும்பப் பெறுவதாகச் சார் அவள் கண் முன்னாலேயே பத்திரிகைக்குக் கடிதம் எழுதினாராம். எல்லாவற்றையும் முதலிலிருந்து ஓட்ட வேண்டும். ஒரு வருஷம் கெடு நீட்டித்துத் தரும்படி கேட்கிறேன், கிடைத்தால் உன் அதிர்ஷ்டம் என்று சொல்லியிருக்கிறார்.

"இன்னொண்ணும் சொன்னாக மச்சான். இந்தத் தப்பையும் ஒரு அத்தியாயமா எழுதுன்னாக."

உசிலம்பட்டி வரும்போது தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். அவள் முக்காடு நழுவாமல் ஷானவாஸ் கம்பம் வரைக்கும் பிடித்துக்கொண்டே வந்தான்.

கெடு கிடைத்தது. அடுத்த பத்து மாதம் அந்தக் கம்ப்யூட்டர் இன்வெர்ட்டரில் ஓடியது. தள்ளும் வரிசையையும் எழுதிவைக்கும்படி நிலோபர் புரோகிராமைத் திருத்தினாள். நாலு சங்கிலிக்கும் நாலு வேறு எண்களைக் கொடுத்தாள். பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுகிற வேலை அம்சத் பீவியுடையது என்று ஆகிவிட்டது. பெட்டி மத்தியானத்தில் உறுமுவது நின்றுபோனதால் அவருக்கு அதன் மீது பிரியம் வந்துவிட்டது. புது முடிவில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. அந்தச் சூட்டில் வளையம் ஆகாது என்று மற்றவர்கள் எழுதியது சரிதான். குளிர்ந்தால்தான் மூடுகிறது. நாலு வருஷம் பாடுபட்டு, ஏற்கெனவே தெரிந்ததையே மறுபடி சொன்னதுபோல் ஆயிற்றே என்று ஷானவாஸுக்கு ஆற்றாமை. நிலோபர் எழுதிக்கொண்டே இருந்தாள்.

2010 செப்டம்பரில் வாய்மொழித் தேர்வு. யாரும் வந்து கேட்கலாம் என்பது விதி. அதனால் ஷானவாஸும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தான். திருநெல்வேலியிலிருந்து ஒரு பேராசிரியர் தேர்வாளராக வந்திருந்தார், பார்த்தாலே பயம் வருகிற ஆள். அரை மணி நேரம் இங்கிலீஷில் பேச்சு. அவனுக்கு ஒரு எழவும் புரியவில்லை. நடுவில் பிழை பற்றிய அத்தியாயம் வந்தது. தேர்வாளர் எதையோ அழுத்திக் கேட்டார். நிலோபர் பதில் சொல்லும்போது கம்பம் என்றாள், மோட்டார் என்றாள், கடைசி வரிசையைப் பார்த்துக் கையை நீட்டினாள். எல்லாத் தலையும் திரும்பியது. பொன்னுராஜ் சார் அவனை எழுந்திருக்கச் சொன்னார். எழுந்து நின்றவனுக்குக் கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

தேர்வாளர் தமிழில் கேட்டார்: இவங்க சந்தோஷமா இருந்தாங்க, கட்டுரையும் வர்றதா இருந்துச்சு, நீங்க பிளக்கை மாத்துனது யாருக்கும் தெரியாது. அப்புறம் ஏன் சொன்னீங்க?

ஷானவாஸ் நிலோபரைப் பார்த்தான். அவளுக்கும் இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாது. அவள் கேட்டதே இல்லை.

"என் இன்வெர்ட்டரால வந்துச்சுன்னு எம்பொண்டாட்டி என்னயப் பாராட்டுனா சார்" என்றான். "செய்யாத வேலைக்கு எப்புடி நல்ல பேரு வாங்குறது?"

மேடையில் நின்ற நிலோபர் துப்பட்டா முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், மறைக்கப் பார்க்கவில்லை. தேர்வாளர் கேள்விகள் எழுதிவைத்திருந்த தாளை ஒரு தடவை பார்த்தார். பாதிகூட முடியவில்லை. அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, எனக்கு இனிமேல் கேட்க ஒன்றும் இல்லை என்று பொன்னுராஜிடம் சொன்னார்.